சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டதாக அர்த்தமா?

ஈரோடு மாவட்டம் கோபி பக்கம் தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் செம்பு ஒயரை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள், ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். தந்தார்கள், வழக்கு பதிவானதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது வழக்கு. அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

இங்கே ஒயரின் மதிப்பு முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. அதற்கு மேல் என்றால் பிடியாணை வேண்டாக் குற்றம். போலீசே நேராக வழக்குப் போடலாம், கைதும் செய்யலாம். அதனால் ஒயர் வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள். பழைய பில் யார் வைத்திருக்கிறார்கள் என்கிறீர்களா? கடையில் இன்றைய விலையையாவது எழுதி வாங்குங்கள்.

அப்படியும் பதிய மறுத்தால் ஈரோடு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம்.

அப்புறம், 5,000 ரூபாய்க்கு மேலான இந்தத் திருட்டை ‘ஜாமீனில் விட முடியாத குற்றம்’ என்பார்கள். அப்படியென்றால் ஜாமீனே கிடையாது என்றில்லை. அதைக் கோர்ட் முடிவு செய்யும், அவ்வளவுதான்.