மூலையில்தான் பாடம் இருக்கிறது: வாசகர் கேள்வி பதில்

தொலைநிலையில் பி.எட். படிக்கிறேன். 'உங்கள் கற்றல் அனுபவத்தைக் கற்றல் கோட்பாடுகளோடு பொருத்தி எழுதுக' என்று ஒப்படைப்பு கொடுத்தார்கள். அப்பத்தாவிடம் ஓலைக் கொட்டான் முடையக் கற்றுக்கொண்டதை நாலு பக்கம் எழுதினேன். 'அனுபவம் இருக்கிறது, ஆய்வு இல்லை' என்று திருப்பிவிட்டார்கள். என்ன குறை?
(வாசகி, காரைக்குடி)

அருமையான விஷயம், அதை மாற்றாதீர்கள். கொட்டான் முழுவதையும் எழுதியதுதான் குறை. ஒரே ஓர் இடத்தைப் பிடியுங்கள். அடிப்பாகம் பாய் முடைவதுபோல ஒன்று மேலே, ஒன்று கீழே என்று போய்விடும். பக்கத்தை எழுப்ப மூலை திருப்பும்போதுதான் கை தடுமாறும். ஓலை காய்ந்திருந்தால் மடிப்பில் கீறிவிடும். இழுத்துப் பிடிக்காவிட்டால் கொட்டான் ஒருபக்கம் சாயும். அந்த மூலையை எத்தனை முறை பிரித்தீர்கள், அப்பத்தா என்ன சொன்னார், எப்போது சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்? இது ஒரு பக்கம் போதும்.

ஆய்வுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். சரியாக வந்ததும் அப்பத்தா தலையசைத்தார், நீங்கள் மறுபடி அப்படியே செய்தீர்கள் என்றால் அது உளவியலாளர் ஸ்கின்னர் சொன்ன வலுவூட்டல்: நல்ல விளைவு கிடைத்த செயல் திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் கீறாது என்று நீங்களே கண்டுகொண்டிருந்தால், அதற்கு ஸ்கின்னர் போதமாட்டார். மனத்திலிருந்த கணக்கு பொய்த்தது, கணக்கைத் திருத்தினீர்கள். அனுபவத்தோடு பொருந்தாத எண்ணத்தை மாற்றிக்கொண்டு கற்கிறோம் என்ற பியாஜேயை அங்கே கூப்பிடுங்கள். ஒரு கோட்பாடு எதை விளக்கவில்லை என்று காட்டும் இடம்தான் ஆய்வு. ஆறு கோட்பாடுகளை வரிசைப்படுத்துவதைவிட, ஒன்றோடொன்று முட்டும் இரண்டு போதும்.

முதலில் உங்கள் விரல்மேல் விரல் வைத்துத் திருப்பிய அப்பத்தா, பிறகு வாயால் மட்டும் சொல்லி, கடைசியில் அதையும் விட்டிருந்தால் நீங்கள் நின்ற இடம் உளவியலாளர் வைகாட்ஸ்கியின் 'அண்மை வளர்ச்சி மண்டலம்': தனியாக முடியாது, துணை இருந்தால் முடியும் என்ற இடைவெளி. இப்படி உதவி கொடுத்து, மெல்ல விலக்கிக்கொள்வதைச் சொல்லும் 'சாரம் கட்டுதல்' என்ற உவமையையும் அவர் பெயரிலேயே பலர் எழுதிவிடுகிறார்கள். அவர் 1934-இல் காலமானார். அந்தச் சொல்லைக் கற்பித்தலுக்குக் கொண்டுவந்தது வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரை.

ஊக்கம் பற்றி 'எனக்கு மிகுந்த ஆர்வம் இருந்தது' என்று ஒரே வரியில் தாண்டாதீர்கள். எப்போது வந்தது ஆர்வம்? பலருக்கு முதல் மூலை நேராக நின்ற பிறகுதான் வரும். 'என்னால் முடியும்' என்ற அந்த எண்ணத்தைத்தான் உளவியலாளர் பாண்டுரா 1977-இல் தன்திறன் நம்பிக்கை என்று விளக்கினார். அதற்கு வலுவான ஊற்று பிறர் பாராட்டு அல்ல, தானே செய்து முடித்த அனுபவம் என்றார் அவர்.

'நான் பார்த்துக் கற்கும் வகை' என்று மட்டும் எழுதவே வேண்டாம். மாணவரின் 'வகை'க்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லர் குழு 2008-இலேயே எழுதிவிட்டது. கடைசி அரைப் பக்கத்தில், உங்கள் வகுப்பில் இதனால் எதை மாற்றுவீர்கள் என்று சொல்லுங்கள்.

மகன் நன்றாகக் கதைப் புத்தகம் படிப்பான். இன்னும் படிக்கட்டும் என்று பக்கத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்தேன். இப்போது காசு இல்லாமல் புத்தகத்தைத் தொடுவதில்லை.
(வாசகர், தேவகோட்டை)

பையன் மேல் தப்பில்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், ஒன்றிரண்டு வாரம் கழித்து வரைய உட்கார்ந்த நேரம் மற்றவர்களைவிடப் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. பேரம்தான் கெடுத்தது.

கைச்செலவை வாரம் ஒரு நிலையான தொகையாக்குங்கள், படிப்போடு முடிச்சுப் போடாதீர்கள். அதை அவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். புத்தகத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும், சித்திரக்கதையாக இருந்தாலும் சரி. இரவில் 15 நிமிடம் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் புத்தகத்தைப் படியுங்கள். 'எத்தனை பக்கம்?' என்று கேட்காமல், 'அந்தத் திருடன் மாட்டிக்கொண்டானா?' என்று கேளுங்கள். முதலில் சில வாரம் படிக்காமல் இருப்பான், பொறுக்கத்தான் வேண்டும். வாய்ப்பாடுபோல ஆரம்பத்திலேயே ஆசை இல்லாத வேலைக்குச் சின்னப் பரிசு தருவதில் இந்தக் கேடு கிடையாது.

குரூப் 4 தேர்வுக்கு மூன்று முறை வாசித்தும் நிற்கவில்லை. வயதாகிவிட்டதா?
(வாசகி, ஆத்தங்குடி)

வயது அல்ல, முறை. ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வாசிக்கும்போது 'தெரிந்ததுதானே' என்று தோன்றுவது ஏமாற்றிவிடும். ஒரு முறை வாசியுங்கள், மூடுங்கள், வெள்ளைத்தாளில் எழுதுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் திரும்பவும் வெறும் தாளில். வராத இடத்துக்கு எதிரே கோடு போட்டு, அந்தப் பத்தியை மட்டும் புத்தகத்தில் பாருங்கள்.