மலேரியா மருந்து முடிந்த பிறகும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர்)

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். குரங்கு மலேரியாவுக்கு மூன்று நாள் மாத்திரை முடிந்தது, காய்ச்சலும் இல்லை. இன்னும் ஏன் சார் ரத்தம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள்?

பதில்: கட்டாயம் போங்கள் தம்பி. காய்ச்சல் விட்டது வேறு, கிருமி போனது வேறு. குரங்கு மலேரியாவைத் தரும் நோலெசி கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். அதனால்தான் வார்டில் தினமும் ஸ்லைடு போட்டு, அதாவது கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிருமி என்று எண்ணுகிறோம். எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கினால்தான் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். ஸ்லைடு சுத்தமான பிறகும் 7, 14, 21, 28ஆம் நாள் என்று வரச் சொல்வது, ஒளிந்து கிடந்தது மறுபடி தலையெடுக்கிறதா என்று பார்க்கத்தான். கிளினிக் கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: பாப்புவா நியூ கினி வெட்டுமர முகாமிலிருந்து வந்த அண்ணனுக்கு ஃபல்சிபாரம் வகை மலேரியா. மருந்து முடிந்து இரண்டு வாரம் ஆகியும் விரலில் ரத்தம் எடுத்து உடனே பார்க்கும் கார்டு டெஸ்டில் கோடு விழுகிறது. மருந்து கேட்கவில்லையா?

பதில்: கார்டை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். அது பிடிப்பது கிருமி வெளிவிடும் எச்ஆர்பி2 என்ற புரதத்தை. கிருமி செத்த பிறகும் அது வாரக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். ஸ்லைடு பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) கோடு விழுந்தால் கிருமி இருக்கிறது என்கிறார். நீங்கள் மாற்றிச் சொல்கிறீர்களே ஐயா?

பதில்: புதிதாகக் காய்ச்சலோடு வருபவருக்கு அவர் சொல்வது சரி. மருந்து முடித்தவருக்குப் பொருந்தாது. கோடு விழாவிட்டாலும் நிம்மதி வேண்டாம், நோலெசியைக் கார்டு பல நேரம் தவறவிடும். ஆக, இரண்டு பக்கமும் ஸ்லைடுதான்.

கேள்வி: கடையில் கார்டு வாங்கி வீட்டிலேயே வாராவாரம் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். காரணம் மேலே இரண்டு தடவை இருக்கிறது.

கேள்வி: டெங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு?

பதில்: டாக்டரிடம் கேளுங்கள் அக்கா. இன்று மலேரியா மட்டும்.

கேள்வி: வைவாக்ஸ் வகை மலேரியா வந்தவருக்கு ஸ்லைடு சுத்தம். ஆனாலும் பிரைமாகுவின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள்.

பதில்: அது கல்லீரலில் தூங்கும் கிருமிக்கு. ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருந்தால் அந்த மாத்திரை சிவப்பணுவை உடைக்கும், அதைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு மலேரியாவுக்கு ஆர்ட்டெசுனேட் ஊசி போட்டு இரண்டு வாரம். ஸ்லைடு நெகட்டிவ், ஆனால் சிறுநீர் கருப்பாகப் போகிறது, மூச்சு வாங்குகிறது.

பதில்: இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கிருமி போன பிறகும் அந்த ஊசிக்குப் பின் சிலருக்குச் சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் சட்டென்று இறங்கும். ஆர்ட்டெசுனேட் போட்டதை முதலிலேயே சொல்லுங்கள்.