இரவு ஷிப்டுக்கு யார்?

அன்புள்ள அண்ணனுக்கு,

பைக் விபத்தில் தலையில் அடிபட்டு என் தம்பி நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறான். பேச்சு இல்லை. ஊட்டினால் விழுங்குவான். அம்மாவின் குரல் கேட்டால் கண் அந்தப் பக்கம் திரும்பும். எங்களுக்கு விருதுநகர் பக்கம். போன மாதம் பார்க்க வந்த ஒரு பெரியவர், "அந்தக் காலமா இருந்தா தலைக்கு எண்ணெய் ஊத்தி அனுப்பியிருப்பாங்க" என்றார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஆனால் அவன் போய்விட்டால் தேவலை என்று எனக்கே சில ராத்திரிகளில் தோன்றுகிறது. சட்டத்தில் இதற்கு வழி உண்டா? இப்படிக் கேட்பதே பாவமா?

கா.

அன்புள்ள கா,

பாவமில்லை. வருடக்கணக்காக ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்க்கும் வீட்டில் இந்த நினைப்பு வராதவர்கள் அபூர்வம். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் அது வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மீள வழியில்லாத நோயாளிக்கு உயிரைப் பிடித்துவைக்கும் சிகிச்சையை நிறுத்த, 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கினார்கள். இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். உங்கள் தம்பியிடமிருந்து எடுப்பதற்கு வெண்டிலேட்டரும் இல்லை, டியூபும் இல்லை. அம்மா ஊட்டும் கஞ்சியை நிறுத்தச் சொல்லி எந்தச் சட்டமும் வராது. பெரியவர் சொன்னது தலைக்கூத்தல், படுத்த படுக்கையானவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் பழைய வழக்கம். அது கொலை. அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் அருணா ஷான்பாக்கைத்தான் நினைத்துக்கொள்வேன். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் நர்ஸ். 1973 நவம்பரில் அங்கேயே வேலைபார்த்த ஒருவன் நாய்ச்சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கியதில் மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே மாதம் இறக்கும்வரை அதே மருத்துவமனையில் படுக்கையில் இருந்தார். அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்த வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி போட்ட மனுவை 2011-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்த நர்ஸுகள் உறுதியாக நின்றார்கள். அத்தனை வருடத்தில் ஒரு படுக்கைப்புண்கூட வராமல் பார்த்துக்கொண்டதை நீதிபதிகள் பாராட்டினார்கள்.

இதைத் தியாகக் கதையாகவே சொல்கிறோம். அன்பு இருந்தது, மறுக்கவில்லை. கூடவே ஷிப்டும் இருந்தது, சம்பளமும் இருந்தது. ஒரு நர்ஸ் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டு வீட்டுக்குப் போனார், அடுத்தவர் வந்தார். ஓய்வுபெற்றவர்களின் இடத்துக்குப் புதியவர்கள் வந்தார்கள். நாற்பது வருடப் பராமரிப்பு அப்படித்தான் சாத்தியமாயிற்று. அதையே உங்கள் அம்மா ஒற்றை ஆளாக, ராத்திரியும் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து செய்கிறார். "தெய்வம்மா நீ" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஒரு ராத்திரி இருந்து பார்க்கட்டும். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் சிறியதாகத் தொடங்கியது, தீராத நோயில் கிடப்பவர்களுக்கான வலி தணிப்புச் சேவை. 2008-இல் அரசே அதற்கொரு கொள்கை வகுத்தது. பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கு வருகிறார், அக்கம்பக்கத்துத் தொண்டர்களும் வருகிறார்கள். நம் ஊரிலும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் படுக்கை நோயாளிகளுக்கான கவனிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், வராவிட்டால் மறுபடி போய்க் கேளுங்கள். தம்பிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம். மாதம் 2,000 ரூபாய். டயபருக்கே காணாது, ஆனாலும் விடாதீர்கள்.

அப்புறம், நீங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி தம்பி பக்கத்தில் நீங்கள் படுங்கள். அம்மா வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில் தூங்கட்டும். ஆம்பளை செய்கிற வேலையா என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள். அம்மாவும் லேசில் விடமாட்டார், "உனக்குத் திருப்பத் தெரியாது" என்பார். முதல் வாரம் அவர் எதிரிலேயே செய்யுங்கள். தப்பு இருந்தால் சொல்லிக்கொடுப்பார்.