சிங்கப்பூரில் எந்தப் பேட்டையில் வீடு பார்ப்பது?

கேள்வி: என் கணவருக்குச் சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை கிடைத்து, எம்ப்ளாய்மென்ட் பாஸும் வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. வாடகைக்கு மாதம் 3500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கொடுக்க முடியும். பொங்கோல், தெம்பனிஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ் என்று ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். நல்ல பள்ளிக்குப் பக்கத்தில், தமிழர்கள் நிறைய இருக்கும் பகுதி எது? மாமியாரும் அவ்வப்போது வந்து தங்குவார். (வாசகி, திருச்சி)

பதில்: நீங்கள் சொன்ன நான்கில் இரண்டை இப்போதே அடித்துவிடலாம். ஜூரோங் சிங்கப்பூரின் மேற்குக் கோடி, கணவரின் அலுவலகம் கிழக்குக் கோடி. ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து தானா மேரா வரை மட்டும் 20 நிறுத்தங்கள், அங்கே இறங்கி, அலுவலகத்துக்குப் பக்கத்து நிலையமான எக்ஸ்போவுக்கு வேறு ரயில். உட்லண்ட்ஸ் வடக்குக் கோடி. அங்கிருந்தும் ரயில் மாறித்தான் வர வேண்டும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. “சிங்கப்பூர் சின்ன ஊர்தானே, எங்கே இருந்தால் என்ன” என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். தினமும் போக வர இரண்டரை மணி நேரம் பிடித்தால் பிள்ளைகள் விழித்திருக்கும்போது அப்பாவைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அப்புறம், ‘தமிழர்கள் நிறைய இருக்கும் பகுதி’. அந்தப் பொருளில் இங்கே ஒரு பகுதி கிடையாது. வீவக என்ற அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் எந்த இனமும் ஒரே இடத்தில் குவியாதபடி 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. இந்தியர், மற்றவர் என்ற பிரிவுக்கு வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு என்பது உச்சவரம்பு. இது வீடு வாங்குகிறவர்களுக்கான விதி, வாடகைக்கு அல்ல. ஆனால் அதன் பலனாக எல்லாப் பேட்டையும் கலந்தே இருக்கும். லிட்டில் இந்தியா கடைவீதி; அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. எந்தப் பேட்டைக்குப் போனாலும் அதே புளோக்கில் இரண்டு மூன்று தமிழ் வீடுகள், நடக்கும் தூரத்தில் தோசை மாவும் கறிவேப்பிலையும் விற்கும் கடை ஒன்று அநேகமாக இருக்கும். அதனால் இந்தக் காரணத்துக்காக ஊரைத் தேட வேண்டாம்.

தேட வேண்டியது பள்ளியை. இதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

நண்பர்கள் உங்களிடம் “நல்ல பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு எடு” என்று சொல்லியிருப்பார்கள். அந்த விதி உண்மைதான், ஆனால் உங்களுக்கானது இல்லை. தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், இடத்தை விட விண்ணப்பம் அதிகமாக இருந்தால், முதலில் குடிமக்கள், பிறகு நிரந்தரவாசிகள் என்று பார்த்து, அவர்களுக்குள் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தூரத்தைக் கணக்கில் எடுப்பார்கள். டிபெண்டன்ட் பாஸில் (வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்கான அனுமதி) இருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டு மாணவர்கள். அவர்கள் முறை எல்லோருக்கும் பிறகு, மிச்சமிருக்கும் இடங்களில் வரும். கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. எனவே பேர் பெற்ற பள்ளிக்கு எதிர்வீட்டில் கூடுதல் வாடகை கொடுத்து உட்காருவதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

மகள் விஷயம் இன்னும் சிக்கல். இடையில் சேருகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் கல்வி அமைச்சின் ஏஇஐஎஸ் தேர்வை எழுத வேண்டும். தொடக்கநிலை 2 முதல் 5 வரையும் உயர்நிலை 1 முதல் 3 வரையும்தான் அதன் வழியாக இடம். தேர்வு நினைத்தபோதெல்லாம் நடக்காது, தேதியை அமைச்சின் இணையதளத்தில் பாருங்கள். ஆங்கிலமும் கணக்கும் சோதிப்பார்கள். சிங்கப்பூர்க் கணக்கு நம் பாடப்புத்தகக் கணக்கு மாதிரி இருக்காது. விடையை விட, படம் போட்டு யோசிக்கும் விதம் முக்கியம். பயிற்சி இல்லாமல் உட்கார வைக்காதீர்கள். தேறினாலும் இடம் இருந்தால்தான் பள்ளி, அதையும் அமைச்சுதான் ஒதுக்கும். நீங்கள் வந்து இறங்கும் மாதத்தைப் பொறுத்து மகள் பல மாதம் பள்ளி இல்லாமல் இருக்க நேரலாம்.

ஆகவே இரண்டு மூன்று ஆண்டு மட்டும் இருக்கப் போகிறீர்கள், பிறகு ஊர் திரும்பும் எண்ணம் என்றால், என் பரிந்துரை சிபிஎஸ்இ பாடத்திட்டம் நடத்தும் இந்தியப் பன்னாட்டுப் பள்ளி. இவற்றில் ஜிஐஐஎஸ் பொங்கோலில் இருக்கிறது, என்பிஎஸ் பிடோக்கை ஒட்டிய சாய் சீயில். திரும்பிப் போகும்போது பிள்ளை படிப்பு அறுபடாது. கட்டணம் கையைக் கடிக்கும். இரண்டு பிள்ளைகளும் அங்கே படிக்கும் நாள் வந்தால் மாதச் செலவு வாடகையை நெருங்கக்கூடும். கணவரின் நிறுவனம் பள்ளிக் கட்டணத்தில் பங்கு தருமா என்று வேலையில் சேரும் முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் சிரிப்புதான் பதிலாக வரும். நிரந்தரவாசம், நீண்ட காலம் என்று மனசில் இருந்தால் கதை வேறு. உள்ளூர்ப் பள்ளிக்கு முயல்வதே சரி. மகனுக்கு நேரம் இருக்கிறது, ஏழு வயது நிறையும் ஆண்டின் ஜனவரியில்தான் தொடக்கநிலை ஒன்று.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. உள்ளூர்ப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் உண்டு, ஆனால் எல்லாப் பள்ளியிலும் இல்லை. சீன மொழிக்கு முதன்மை தரும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தமிழே கிடையாது. சில பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை போதாமல், பிள்ளைகள் வேறு இடத்துக்குப் போய்ப் படிக்கிறார்கள். பன்னாட்டுப் பள்ளியிலும் “தமிழ் இருக்கிறது” என்ற பதிலோடு நிற்காமல், உங்கள் மகளின் வகுப்பில் இந்த ஆண்டு நடக்கிறதா என்று கேளுங்கள்.

சரி, இனி ஊர். பள்ளி சாய் சீ என்றால் தெம்பனிஸ், சீமெய், பிடோக் என்று நீளும் கிழக்குப் பட்டைதான் உங்களுக்கு. தெம்பனிஸிலிருந்து எக்ஸ்போ டௌன்டவுன் பாதையில் மூன்றே நிறுத்தம். பிடோக்கிலிருந்து தானா மேராவில் மாறினால் அடுத்தது எக்ஸ்போ. வார இறுதியில் தேக்கா சந்தைக்குப் போக, தெம்பனிஸில் ஏறினால் அதே டௌன்டவுன் பாதை மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறக்கிவிடும். நூலகம், நீச்சல் குளம், உணவங்காடி எல்லாம் ஒரே கூரைக்குள் வேண்டுமென்றால் ‘நம் தெம்பனிஸ் நடுவம்’ இருக்கிறது. மழை நாளில் நாலு வயதுப் பையனை வைத்துக்கொண்டு எங்கே போவது என்ற கவலை பாதி தீர்ந்தது.

பள்ளி பொங்கோல் என்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பொங்கோல் புதிய பேட்டை, நீர்வழியை ஒட்டிய நடைபாதையும் வட்டார நூலகமும் பிள்ளைகளுக்கு அருமை. வடகிழக்குப் பாதையில் மாறாமல் லிட்டில் இந்தியா. பக்கத்துச் செங்காங்கில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம். தமிழ்க் குடும்ப வாழ்க்கைக்கு, கிழக்கை விட இது ஒரு படி மேல் என்பேன். ஆனால் அங்கிருந்து எக்ஸ்போவுக்கு நேர் ரயில் இல்லை. நானாக இருந்தால் தெம்பனிஸில் வீடு எடுத்து மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவேன், அதுவும் பேருந்து காலை எத்தனை மணிக்கு எந்தப் புளோக்கில் நிற்கும் என்று பள்ளியிடம் கேட்ட பிறகு. ஆறு மணிக்கு முன்பே ஏற்றுவார்கள் என்றால் பொங்கோல்தான்.

பேட்டையை முடிவு செய்தபின் ஊர்ப் பெயரை மறந்துவிட்டு புளோக்கைப் பாருங்கள். ஒரே தெம்பனிஸில் ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிடத்தில் நடக்கும் வீடும் உண்டு, பேருந்து பிடித்துப் போகும் வீடும் உண்டு. பொங்கோல், செங்காங்கில் எம்ஆர்டி ரயிலுக்கு முன்னால் எல்ஆர்டி என்ற குட்டி ரயில் ஒன்று சேரும். முகவர் சொல்லும் ‘ரயிலுக்குப் பக்கம்’ அந்தக் குட்டி ரயிலாக இருக்கலாம். நிலையத்திலிருந்து வீடு வரை கூரையிட்ட நடைபாதை இருக்கிறதா என்று நடந்தே பாருங்கள். டிசம்பர் மழையில் பையைத் தூக்கிக்கொண்டு பையனையும் இழுத்து வரும்போது அதன் அருமை தெரியும்.

வீடு பார்க்க முகவர்கள் வார இறுதியைத்தான் சொல்வார்கள். ஒரு தடவையாவது வார நாள் காலை ஏழு மணிக்கு முன் அந்தப் புளோக்குக்குக் கீழே போய் நில்லுங்கள். வாய்ட் டெக் என்ற திறந்த கீழ்த்தளத்தில் சீருடையோடு எந்தெந்தப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கிறார்கள், வழியனுப்ப வந்த அம்மாக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். அவர்களிடமே பாலர் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இணையத்தில் தேடுவதை விட வேகம். பகலில் இன்னொரு முறை போனால், தலைக்கு மேல் போர் விமானச் சத்தம் இருக்கிறதா என்பதும் தெரியும். பாய லேபார் விமானத் தளம் வடகிழக்கில் இருப்பதால் ஹவ்காங், செங்காங் பக்கம் இது உண்டு. சனி ஞாயிறு போகிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. மேற்கு பார்த்த படுக்கையறை சாயங்காலம் அடுப்பாகிவிடும், மின்கட்டணம் சொல்லும்.

பணம் பற்றி. இங்கே நாலறை வீடு என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். நீங்கள் தேட வேண்டியது அதுதான், ஐந்தறை தேவையில்லை. மையப் பகுதியை விட்டு வெளியே உள்ள பேட்டைகளில் நாலறை வீட்டு வாடகை பொதுவாக 3000 வெள்ளியை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் போகிறது. உங்கள் தொகைக்குள் அடங்கும். வீவக காலாண்டுக்கு ஒருமுறை ஊர்வாரியாக இடைநிலை வாடகையை வெளியிடுகிறது, அதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். காண்டோ எனும் தனியார் அடுக்குமாடியில் மூன்று படுக்கையறைக்கு 3500 போதாது.

“இந்த புளோக்கில் உங்களுக்குக் கொடுக்க முடியாது” என்று முகவர் சொன்னால் உடனே கோபப்படாதீர்கள். மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீட்டை வாடகைக்கு விட வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு என்று ஒதுக்கீடு உண்டு, நிரம்பியிருக்கலாம். அதே நேரம், இந்தியர் என்றால் சமையல் வாசனை என்று முகத்தைச் சுளிக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள், மறைத்துப் பயனில்லை. “லேசான சமையல் மட்டும்” என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த வீடு வேண்டாம். தாளிக்கவும் மீன் வறுக்கவும் தினமும் பயந்துகொண்டு எத்தனை நாள் இருப்பது? தினசரி முழுச் சமையல் உண்டு என்பதை முன்பணத்தோடு கொடுக்கும் விருப்பக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விடச் சிங்கப்பூர்க் குடிமகனுக்குத்தான் உரிமை, அதுவும் பொதுவாக ஐந்தாண்டு குடியிருந்த பிறகு, வீவக ஒப்புதலோடு. ஒரு அறையைப் பூட்டி வைத்து “மற்றதெல்லாம் உங்களுக்கு” என்பவரிடம் ஒப்புதல் எதற்கு வாங்கியிருக்கிறார் என்று கேளுங்கள். முகவரின் பதிவு எண்ணைப் பொதுப் பதிவேட்டில் சரிபாருங்கள். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது என்பது சட்டம். வைப்புத்தொகையை உரிமையாளர் கணக்கில் போடுங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம், இரண்டாண்டுக்கு இரண்டு மாதம் என்பது வழக்கம். முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, வழக்கமாகக் குடியிருப்பவர் கட்டுவது. இரண்டாண்டு ஒப்பந்தத்தில், வேலை போனாலோ மாற்றலானாலோ ஓராண்டுக்குப் பின் இரண்டு மாத அறிவிப்போடு வெளியேறும் பிரிவு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

திருச்சியில் இருந்துகொண்டே வீடியோவில் பார்த்து முன்பணம் அனுப்ப வேண்டாம். கணவர் மட்டும் முதலில் வந்து ஹோட்டலிலோ சர்வீஸ் அபார்ட்மென்டிலோ சில வாரம் தங்கட்டும். தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வீவக வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது இங்கே சட்டவிரோதம். இணையத்தில் மலிவாகக் காட்டும் ‘ஒரு மாத வீடு’ வலையில் விழாதீர்கள்.

மாமியாருக்கு நீண்டகால வருகை அனுமதி வேண்டுமானால் கணவரின் நிலையான மாதச் சம்பளம் 12000 வெள்ளியாவது இருக்க வேண்டும். உங்களுக்கும் பிள்ளைகளுக்குமான டிபெண்டன்ட் பாஸுக்கு 6000 போதும். சம்பளம் இடையில் இருந்தால் அவர் சாதாரண வருகையாளராகத்தான் வந்து போக முடியும். வருகிறபோதெல்லாம் மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள், வெளிநாட்டவருக்கு இங்கே மருத்துவச் சலுகை இல்லை. அவருக்காக வீட்டில் பார்க்க வேண்டியது, மின்தூக்கி உங்கள் மாடியிலேயே நிற்கிறதா என்பதும், கழிவறை வாசலில் படி இருக்கிறதா என்பதும். பழைய புளோக்குகளில் இரண்டையும் நேரில் பார்த்துவிட்டே சரி சொல்லுங்கள்.