நிலத்தை அடமானம் வைக்கும் முன்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம். பிளஸ் டூ முடித்த மகளுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் வாங்க நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம். உங்கள் கவலை புரிகிறது. ஆனால், மைத்துனர் வீட்டுப் பிள்ளை படித்தது என்பதற்காக, வாரந்தோறும் பஸ் ஏறிப் புதுச்சேரி சென்று ஆர்வத்தோடு பிரெஞ்சு கற்கும் பெண்ணை, அவள் வேண்டாம் என்று சொல்லும் படிப்பில் கடன்பட்டுச் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

பொறியியலைப் பற்றிச் சொல்ல உறவினர்கள் இருக்கிறார்கள். நான் அயல்நாட்டுச் சந்தை ஆய்வைப் பற்றி, அதாவது ஒரு பொருள் இன்னொரு நாட்டில் விலைபோகுமா என்று முன்கூட்டியே ஆராயும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். 1994-இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க உணவு நிறுவனமான கெல்லாக்ஸ், குளிர்ந்த பாலில் மொறுமொறுப்பாக இருக்கும் கார்ன் ஃபிளேக்ஸை விற்றது. சூடான பால் ஊற்றிய நம் வீடுகளில் அது குழைந்துபோனது. அறைகலன் விற்கும் ஐகியாவோ 2018-இல் ஐதராபாத்தில் தன் முதல் இந்தியக் கடையைத் திறக்கும் முன், வீடு வீடாகச் சென்று மக்கள் எப்படிச் சமைக்கிறார்கள், எப்படி உறங்குகிறார்கள் என்று பார்த்தது.

இந்த வேலை மேசையில்தான் தொடங்குகிறது. வணிகப் பொருள்களுக்கு எச்.எஸ். குறியீடு என்ற வகைப்பாட்டு எண் உண்டு, அதன் முதல் 6 இலக்கங்கள் உலகுக்குப் பொது. பண்ருட்டி வட்டாரத்தார் நன்கறிந்த முந்திரியில், ஓட்டுடன் கூடிய கொட்டைக்கு 080131, ஓடு நீக்கிய பருப்புக்கு 080132. ஜெனீவாவிலுள்ள சர்வதேச வணிக மையத்தின் டிரேட் மேப் தளத்தில் இதை இட்டால், எந்த நாடு எவரிடம் எவ்வளவு வாங்குகிறது என்பது தெரியும். அடுத்து அந்நாட்டின் சுங்க வரி, உணவுத் தர விதிகள், போட்டியாளர் விலை ஆகியவற்றைத் திரட்டி, வணிகக் கண்காட்சிகளிலும் தூதரக வணிகப் பிரிவிலும் விசாரித்து, அங்குள்ள விநியோகஸ்தர்களோடு பேசி, இறுதியில் கடையிலேயே நின்று வாங்குவோரைக் கவனிக்க வேண்டும். இந்தப் பிற்பாதிக்கு அந்நாட்டு மொழி தேவை. முந்திரிக்கொட்டை ஏற்றுமதி செய்யும் மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டில் அலுவல் மொழி பிரெஞ்சு என்பதை உங்கள் மகள் ஏற்கெனவே அறிந்திருப்பாள்.

கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பொருளியலோ வணிகவியலோ படிக்கட்டும்; கட்டணத்துக்காக நிலத்தைத் தொட வேண்டியிராது. பிரெஞ்சு மொழி கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில், டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் பி2 நிலை வரை முடிக்கட்டும். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகத்தில் எம்.பி.ஏ. படிக்கலாம், கேட் நுழைவுத்தேர்வு எழுதி, அயல்நாட்டு வணிகம் கற்பிக்கும் ஐஐஎஃப்டி-யில் சேரவும் முயலலாம். முதல் வேலை பெரும்பாலும் ஏதாவதொரு ஏற்றுமதி அலுவலகத்தில் ஆவணம் தயாரிப்பதாகவே இருக்கும். சம்பளமும் தொடக்கத்தில் குறைவுதான். அதைத் தெரிந்தே இறங்க வேண்டும்.

இந்த விடுமுறையில் முந்திரிப்பருப்புக்கு ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து நான்கு பக்க அறிக்கை எழுதச் சொல்லுங்கள். அந்த அறிக்கையோடு இருவரும் என்னை வந்து பாருங்கள். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.