கடலோரக் கேள்வி–பதில்

மானாமதுரை வாசகி: ராமேசுவரம் போன வழியில் மீன் காட்சியகம் பார்த்தோம். மஞ்சளும் நீலமுமாகத் திரிந்த அந்த மீன்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவைதானே?

நான் மண்டபத்துக்காரன், ஊர்ப் பெருமை அடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கடல்மீன் தொட்டிகளில் கண்ணைப் பறிக்கும் இனங்களில் பல நம் வீட்டுக்கு எதிரே இருப்பவை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சி மீன், கிளி மீன், சிங்க மீன் எல்லாம் அங்கே குடியிருக்கின்றன.

சந்தையில் ஐஸில் கிடக்கும் கிளி மீனை வைத்து அதன் அழகை எடை போடாதீர்கள். செத்ததும் அதன் நிறம் மங்கிவிடும். காட்சியகத்தில் அதன் வாயைக் கவனித்துப் பாருங்கள். பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கிளியின் அலகாகவே ஆகியிருக்கும். அதனால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்னும். கூடவே வரும் கல்லைத் தொண்டைப் பற்களால் அரைத்து மணலாகக் கழித்துவிடும். பவளத் தீவுகளில் நீங்கள் ஆசையாய்க் காலால் அளையும் வெள்ளை மணலில் கொஞ்சம் இதன் வயிற்று வழியாக வந்ததுதான்.

இன்னொன்று: தொட்டி விளக்கில் ஜொலிக்கும் சிவப்பு, கடலில் அப்படித் தெரியாது. தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும். ஆழம் போகப் போகச் சிவப்பு மீன் கறுத்துத் தெரியும். எதிரியின் கண்ணில் படாமல் தப்ப அதுவே போதும்.

தேவிபட்டினம் வாசகர்: கோமாளி மீன் ஜோடி வாங்க ஆசை. ஆண், பெண் எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்கவே வேண்டாம். அந்த இனத்தில் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் பெரியது பெண்ணாகும், அதற்கு அடுத்தது ஆணாக இருக்கும். பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். எனவே சிறிதும் பெரிதுமாக இரண்டு குஞ்சுகளை வாங்குங்கள். மற்றதை அவை பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை: பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான முறையை எப்போதோ கண்டறிந்துவிட்டது. அப்படியிருக்க, பாறையிலிருந்து பிடித்து வந்ததை ஏன் வாங்க வேண்டும்? கடைக்காரர் மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

கீழக்கரை வாசகர்: வலையில் சிக்கிய சிங்க மீனை எடுக்கும்போது முள் குத்திவிட்டால் என்ன செய்வது?

அழகுக்கு விரித்த விசிறி போலிருக்கும் அந்த முதுகு முட்களில் விஷம் இருக்கிறது. குத்திய கையைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் முக்கி வையுங்கள். அந்த விஷம் சூட்டில் சிதையும், வலி குறையும். பொத்துப்போகும் அளவுக்குக் கொதிக்க வேண்டாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். சுண்ணாம்பு தடவ வரும் பெரியவரை மரியாதையாகச் சற்றுத் தள்ளி உட்கார வையுங்கள்.