கூரியரில் வந்த முட்டை அட்டை

கேள்வி: தக்கலை பக்கம் ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. ஓலைக்கு அடியில் சுருள் வெள்ளை ஈ, மேலே கரும்பூசணம். அதைத் தின்னும் பூச்சி என்று ஆன்லைனில் கிரைசோபெர்லா முட்டை அட்டை வாங்கினேன். அனுப்பி ஆறு நாள் கழித்துத்தான் வந்தது. கட்டியும் ஒரு பலனும் இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். அட்டையை எறிந்துவிடவில்லையே? லென்ஸ் வைத்துப் பாருங்கள். புது முட்டை இளம்பச்சையாக இருக்கும், பொரிக்கப் போகும்போது சாம்பல் நிறமாகும், பொரித்த பிறகு வெறும் வெள்ளைத் தோல்தான். நம் ஊர் வெப்பத்துக்கு மூன்று நான்கு நாளில் பொரித்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு, பசி வந்தால், தன் கூடப் பிறந்ததையும் தின்னாமல் விடாது. ஆறு நாள் பெட்டிக்குள் கிடந்ததில் என்ன மிஞ்சியிருக்கும்!

அட்டையின் படம், கூரியர் தேதி, பில் மூன்றையும் வைத்து விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியவில்லையா, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. சில நூறு ரூபாய்க்கு நானாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன். அதே வாரம் தோப்பில் மருந்து அடித்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான், மருந்து இந்தப் புழுவையும் கொல்லும்.

அடுத்த முறை விலையைக் கேட்குமுன் முட்டையிட்ட தேதியைக் கேளுங்கள். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் முதலில் விசாரியுங்கள், பக்கத்தில் கிடைத்தால் கூரியர் எதற்கு? ஏக்கருக்கு 400 முட்டை போதும். சாயங்காலம் ஓலைக்கு அடியில் கட்டுங்கள், முசுறு எறும்பு ஏறும் மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சித் தெளித்தால், காய்ந்து பொருக்காக உதிரும்.

வாங்காமலே முடியுமா என்றும் பாருங்கள். ஓலையின் அடியில் வெள்ளை ஈயின் இளம்பூச்சிகள் சில கறுத்திருந்தால், என்கார்சியா என்ற குட்டிக் குளவி ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த ஓலையை எரிக்காதீர்கள். துண்டு துண்டாக வெட்டி, ஏக்கருக்கு 10 துண்டு வீதம் குளவி இல்லாத மரங்களில் கட்டுங்கள். கறுத்ததில் வட்டமான ஓட்டை இருந்தால் மட்டும் வேண்டாம், குளவி அதிலிருந்து பறந்து போயிருக்கும்.